குண்டும் கிண்ணமும்

ஜூன் மாதம் பிறந்து ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் குளிர் இறுகத் தொடங்கியதும் அந்த நாட்டின் நெடுஞ்சாலைகள் வடக்கு நோக்கி நகரத் தொடங்கிவிடும். மெல்போர்னிலிருந்தும் அடிலெய்டிலிருந்தும் வெயில் தேடிக் கிளம்பும் குடும்பங்கள், காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே மாட்டி இழுத்துச் செல்லும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடித்து வைத்த கூடாரம் எல்லாம் அடங்கிய அந்தப் பின்வண்டிக்குக் கேம்பர் என்று பெயர்.

முதன்முறை இதைப் பார்க்கும் எவரும், இரண்டு வண்டிகளும் சேரும் இடத்தைக் குனிந்து பார்க்காமல் இருக்கமாட்டார்கள். அங்கே இருப்பது 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டு. ஓர் எலுமிச்சம்பழ அளவுதான். கேம்பரின் மூக்கிலுள்ள கிண்ணம் ஒன்று அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை டன் வீடு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் இதை நம்பியா ஓடுகிறது? ஒரு பள்ளத்தில் குலுங்கினால் பிய்த்துக்கொண்டு போய்விடாதா?

கேம்பர் வாங்குகிறவர்களையும் இதே கேள்விதான் அலைக்கழிக்கிறது. கடைக்குப் போனால் சாதாரணக் குண்டு, பெரிய குண்டு, முளையில் மாட்டுவது, ரப்பர் போன்ற கட்டி வைத்தது, முழுச் சுற்றும் சுழல்வது என்று பலவகை இணைப்பிகள் வரிசையாக இருக்கும். 'எது ரொம்ப பலமானது?' என்று கேட்டுத்தான் பெரும்பாலோர் பணம் கொடுக்கிறார்கள். ஆனால் பலம் இங்கே பெரிய சிக்கலே இல்லை. இணைப்பி எந்தெந்தப் பக்கம் அசைய விடுகிறது, அதன்மேல் எவ்வளவு எடை உட்காருகிறது என்ற இரண்டைத்தான் கேட்க வேண்டும்.

இழுக்க எவ்வளவு விசை வேண்டும்?

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே கேம்பரை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். சாமான்களும் தண்ணீரும் ஏற்றிய பிறகு அதன் மொத்த எடை 1,400 கிலோ. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். இழுப்பது இரட்டைக் கதவு வரிசை கொண்ட ஒரு பிக்கப். ஆஸ்திரேலியர்கள் இதை யூட் என்பார்கள்.

1,400 கிலோவை இழுக்க 1,400 கிலோ விசை தேவையில்லை. சக்கரத்தின் பெருமையே அதுதான். சமதளமான தார்ச்சாலையில் டயர்கள் உருளும்போது ஏற்படும் தடை சுமார் 20 கிலோ எடைக்குச் சமம். மணிக்கு 90 கிலோமீட்டரில் காற்றின் தடை இன்னொரு 30, 40 கிலோ. பத்தடிக்கு ஓரடி உயரும் மேட்டில் ஏறினால் கூடுதலாக 140 கிலோ. எல்லாம் சேர்ந்து 200 கிலோ வரலாம். குண்டைத் தாங்கும் கழுத்து ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் கொண்டது. சாதாரண எஃகே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல் இழுவையைத் தாங்கும் என்பதால், நேராக இழுத்தால் இந்தக் கழுத்து பத்து டன்னுக்கும் அசையாது. கழுத்து நேராக மட்டும் இழுபடுவதில்லை, வளையவும் செய்கிறது என்பதால் அவ்வளவையும் நம்பிவிட முடியாது. ஆனாலும் ஆஸ்திரேலியாவில் 50 மில்லிமீட்டர் குண்டுக்கு 3,500 கிலோ வரை அனுமதி இருக்கிறது. நம் கேம்பருக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை.

பெரிய விசை பிரேக் போடும்போதுதான் வருகிறது. யூட் அவசரமாக வேகம் குறைக்கிறது, கேம்பருக்குத் தனி பிரேக் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது கேம்பர் முன்னால் உள்ள வண்டியை 700 கிலோ விசையோடு முட்டித் தள்ளும். மேட்டில் இழுத்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அதுவும் இழுவிசை இரண்டு வண்டிகளையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரும். தள்ளுவிசை அவற்றை மூட்டில் மடக்கப் பார்க்கும். பின்னால் வாலாட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

மூன்று அசைவுகள்

இரண்டு வண்டிகளை விறைப்பாகப் பற்றவைத்துவிட்டால் முதல் வளைவிலேயே உடைந்துவிடும். ஆகவே மூட்டு அசைந்தாக வேண்டும். எந்தப் பக்கம்?

வளைவில் கார் இடமோ வலமோ போகிறது. கேம்பர் கொஞ்சம் தாமதித்துத் தொடர்கிறது. இதைத் திரும்பல் என்போம். வேகத்தடையில் காரின் பின்பக்கம் எழும்பி இறங்கும்போது மூட்டு மேலும் கீழுமாக மடிகிறது, இது மடிதல். காரின் இடச்சக்கரம் குழியிலும் கேம்பரின் வலச்சக்கரம் குழியிலும் ஒரே நேரத்தில் இறங்கினால், இரண்டு உடல்களும் எதிரெதிராகச் சாய்கின்றன. இது முறுக்கல்.

நம் ஊர் டிராக்டரையும் அதன் டிரெய்லரையும் சேர்ப்பது ஓர் இரும்பு வளையமும் முளையும். முளை ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதனால் திரும்பல் மட்டுமே தாராளம். ஆனால் வளையம் முளையைவிடப் பெரிதாக இருப்பதால், அந்த இடைவெளியின் தயவில் மடிதலும் முறுக்கலும் கொஞ்சம் நடந்துவிடுகின்றன. விலை? ஒவ்வொரு முறை வேகம் கூடிக் குறையும்போதும் 'டங்'கென்று ஓர் இடி. மெதுவாகப் போகும் கரும்பு வண்டிக்கு அது பாதகமில்லை. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு இடியும் ஒரு சம்மட்டி அடி.

குண்டின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. குண்டுக்கு மேல், கீழ், பக்கம் என்று எதுவும் கிடையாது. கிண்ணம் இறுக்கமாகவே உட்காரலாம். ஆனாலும் மூன்று பக்கமும் வழுக்கிச் சுழலலாம். இடைவெளி இல்லாமலே சுதந்திரம் கிடைக்கிறது. ஐரோப்பாவின் கார்களில் இது 1930களில் இருந்தே பரவி, இன்று உலகின் பெரும்பாலான சிறு பின்வண்டிகள் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

ஒரு குறை உண்டு. கிண்ணம் கழன்றுவிடாமல் இருக்க, அது குண்டின் பாதிக்கு மேல் கவ்வியாக வேண்டும். கவ்வினால் கிண்ணத்தின் விளிம்பு குண்டின் கழுத்துக்கு அருகே வந்துவிடும். முறுக்கல் ஏறக்குறைய 25 டிகிரியை எட்டும்போது விளிம்பு கழுத்தில் முட்டுகிறது. அதற்குமேல் தரை முறுக்கினால், மூட்டு ஒரு நெம்புகோலாக மாறிக் குண்டைத் திருகிப் பிடுங்கப் பார்க்கும். தார்ச்சாலையில் 25 டிகிரி வரவே வராது. ஓடைப் படுகையில் வரும்.

குண்டின் அளவு விஷயத்தில் சமரசமே கூடாது. நியூசிலாந்தில் 50 மில்லிமீட்டர் குண்டும், ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட 47.6 மில்லிமீட்டர் குண்டும் இரண்டுமே புழக்கத்தில் உண்டு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 50க்கான கிண்ணம் சிறிய குண்டின்மேலும் உட்காரும், பூட்டியதுபோலவும் தோன்றும். முதல் பெரிய குலுக்கலில் கிண்ணம் எகிறிவிடும். அளவு குண்டின் தலையிலும் கிண்ணத்தின் மேலும் பொறிக்கப்பட்டிருக்கும். படித்துப் பார்ப்பது அரை நிமிட வேலை.

குண்டின்மேல் உட்காரும் எடை

என்னைக் கேட்டால் இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். எந்த இணைப்பியை வாங்கினாலும் இது சரியில்லாவிட்டால் பயனில்லை.

கேம்பரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. ஒரு பங்கு மூக்கு வழியாகக் காரின் குண்டின்மேல் அழுத்துகிறது. அதைக் குண்டுச்சுமை என்று சொல்வோம். ஆஸ்திரேலியாவில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு குண்டுச்சுமையாக இருப்பது நல்லது என்பது பரவலான வழக்கம். நம் கேம்பருக்கு 140 கிலோ.

அது எங்கிருந்து வருகிறது? குண்டிலிருந்து கேம்பரின் அச்சு வரை 3 மீட்டர். சாமான்களோடு சேர்த்துக் கேம்பரின் எடைமையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. 3 மீட்டரில் 30 சென்டிமீட்டர் பத்தில் ஒரு பங்கு. ஆகவே எடையிலும் பத்தில் ஒரு பங்கு முன்னால் போகிறது. ஏற்றப்பலகையில் குழந்தைகள் ஆடும் கணக்குக்கு மேல் இதில் எதுவுமில்லை.

இப்போது வீட்டுக்காரர் கேம்பரின் பின்புறம் ஒரு தாங்கி பொருத்துகிறார். உதிரிச் சக்கரம், 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு. தாங்கியோடு சேர்த்து 80 கிலோ. அது அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்குகிறது. ஒன்றரை மீட்டர், 3 மீட்டரில் பாதி. ஆகவே 80 கிலோவில் பாதி, 40 கிலோ, மூக்கைத் தூக்கிவிடுகிறது. குண்டுச்சுமை 140இலிருந்து 100 ஆகிறது. மொத்த எடையோ 1,480 ஆகிவிட்டது. பத்து சதவீதம் ஏழுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு சக்கரமும் இரண்டு கேனும் செய்த வேலை.

இதை அறிந்த இன்னொருவர் சமன்செய்யப் பார்க்கிறார். அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால், மூக்குப் பெட்டியில் 80 கிலோ சாமானை வைக்கிறார். குண்டுச்சுமை மீண்டும் 140. தராசு திருப்தி சொல்கிறது. ஆனால் வண்டி மோசமாகியிருக்கிறது. இரண்டு முனைகளிலும் கனம் இருந்தால், ஒருமுறை ஆடத் தொடங்கிய கேம்பரை நிறுத்துவது கடினம். ஒரு பொருள் சுழற்சியை எதிர்க்கும் அளவு, மையத்திலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அந்தத் தூரத்தை அதே தூரத்தால் பெருக்கிய அளவில் கூடும். அச்சுக்கு அரை மீட்டரில் இருக்கும் 80 கிலோவை ஒன்றரை மீட்டருக்குத் தள்ளினால் தூரம் மூன்று மடங்கு. எதிர்ப்பு ஒன்பது மடங்கு. கனமானவை அச்சின் மேலேயே, தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி அங்கே. டின் உணவு அங்கே. முனைகளில் போர்வையும் நாற்காலியும்.

குண்டுச்சுமை அதிகமானால் பாதிக்கப்படுவது யூட். குண்டு பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3.1 மீட்டர் என்று கொள்வோம். 140 கிலோ அங்கே அழுத்தும்போது முன்னச்சிலிருந்து 54 கிலோ குறைந்துவிடுகிறது. பின்னச்சில் 194 கிலோ ஏறுகிறது. திருப்புவதும் பிரேக்கின் பெரும்பகுதியும் முன்சக்கரங்களின் வேலை. குண்டுச்சுமை 250 ஆனால் முன்பக்கம் 97 கிலோ இலேசாகும். ஸ்டியரிங் மிதப்பது கையிலேயே தெரியும்.

அளப்பதற்குக் குளியலறைத் தராசே போதும். சமதளத்தில் கேம்பரின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுங்கள். தராசை மூக்கின் கீழே வைத்து, வழக்கமாக மூக்கு நிற்கும் உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டித் தராசின் மேல் நிறுத்துங்கள். முன்னால் உள்ள சிறு சக்கரத்தைச் சுற்றி இறக்க, மூக்கு மரத்தில் அமரும். சிறு சக்கரம் தரையை விட்டதும் தராசு காட்டுவதே குண்டுச்சுமை. உயரம் முக்கியம்: மூக்கு ஏறியிருந்தால் எடை பின்னால் சரிந்து எண் குறையும்.

வாலாட்டம்

பெரிய லாரி ஒன்று எதிரே கடக்கிறது. காற்று கேம்பரின் வாலை ஒரு கை நகர்த்துகிறது. வால் திரும்பி வருகிறது, நடுக்கோட்டைத் தாண்டுகிறது, மறுபக்கம் போகிறது. இதுதான் வாலாட்டம். மெதுவாகப் போனால் இரண்டு ஆட்டத்தில் அடங்கும். வேகமாகப் போனால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். ஒரே கேம்பர், ஒரே காற்று. வேகம் ஏன் இப்படி மாற்றுகிறது?

ஆட்டத்தை அடக்குபவை கேம்பரின் டயர்கள். வால் பக்கவாட்டில் நகரும்போது, டயர் பார்க்கும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழும். அந்தக் கோணம் பெரிதாக இருந்தால் டயர் வலுவாக எதிர்க்கும். வால் அதே வேகத்தில் பக்கவாட்டில் நகர, வண்டி முன்னோக்கி இரண்டு மடங்கு வேகத்தில் போனால் அந்தக் கோணம் பாதியாகிறது. அடக்கும் விசையும் பாதி. ஏதோ ஒரு வேகத்தில் அடக்கும் விசை போதாமல் போய், அதற்குமேல் ஆட்டம் தானே வளர்கிறது. இதை எல்லை வேகம் எனலாம். எடைமையம் முன்னால் இருந்தால் எல்லை வேகம் உயரும். பின்னால் கனம் கூடினால் தாழ்ந்து, நாம் அன்றாடம் ஓட்டும் வேகத்துக்கே இறங்கிவிடும்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் எடைகளை மாற்றி மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனைப் பின்வண்டியை ஓட்டிப் பார்த்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூக்கின் சுமை, சுழற்சியை எதிர்க்கும் எடைப் பரவல், அச்சு இருக்கும் இடம் ஆகியவையே வாலாட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். எந்தக் கடையிலும் விற்காத மூன்று விஷயங்கள்.

ஐரோப்பாவில் இணைப்பியையே சற்று மாற்றி இதற்கு உதவி தேடுகிறார்கள். ஆல்கோ நிறுவனத்தின் ஏகேஎஸ் 3004 போன்றவற்றில் கிண்ணத்துக்குள் உராய்வுத் தகடுகள் குண்டை இறுக்கிப் பிடிக்கும். ஆட்டத்தின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக்கிவிடும். சாதாரணக் குண்டுக்குக் கிரீஸ் பூசுவோம். இதற்குக் கிரீஸ் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. இது நல்ல கருவிதான். ஆனால் தவறாக ஏற்றிய வண்டிக்கு இதை மருந்தாக வாங்குவது ஆபத்து. ஆட்டத்தின் முதல் எச்சரிக்கையை அது மறைத்துவிடும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால்? எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஆட்டத்துக்குத் தாளம் கொடுத்ததாகும். காரின் பிரேக்கை அழுத்தினால் கேம்பர் முன்னால் தள்ளி மூட்டை மடக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கேம்பருக்கு மின் பிரேக் இருந்தால், ஓட்டுநர் கையருகே உள்ள பொத்தானால் அதை மட்டும் இயக்கலாம். கேம்பர் பின்னுக்கு இழுக்க, மூட்டில் இழுவிசை பிறந்து இரண்டும் ஒரே கோட்டுக்கு வரும்.

மண் பாதைக்கு எது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் டெர்பியிலிருந்து குனுனுரா நோக்கி 660 கிலோமீட்டர் ஓடுகிறது கிப் ரிவர் சாலை. மாடுகளைக் கொண்டுசெல்லப் போட்ட பாதை. பெரும்பகுதி மண்ணும் சரளையும். மேற்பரப்பு முழுக்க அலை அலையான வரிப்பள்ளம். இடையிடையே ஆறுகளை இறங்கித்தான் கடக்க வேண்டும். நம் கேம்பர் இங்கே போகிறது என்றால் முறுக்கல் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

பாலியூரித்தேன் கட்டியும் முளையும் கொண்ட ட்ரெக் இணைப்பி பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. கேம்பரின் மூக்கில் ஒரு கெட்டியான கட்டி. காரில் அதை இருபுறமும் அணைக்கும் ஒரு கவை. இரண்டின் துளைகளும் ஒன்றுசேரும்போது முளையைச் செருகிப் பூட்ட வேண்டும். வரிப்பள்ள அதிர்ச்சியை அந்தக் கட்டி உள்வாங்குவதால் இடிச் சத்தம் குறைவு. குறை, மாட்டும்போது: துளைகள் நேர்கோட்டுக்கு வரும்வரை காரை அங்குலம் அங்குலமாகப் பின்னே எடுக்க வேண்டும். இருட்டில், சரிவில், பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் இருக்கையில் இது பொறுமையைச் சோதிக்கும்.

மெக்ஹிட்ச் வகையில் இருப்பது, லாரியின் புரொபெல்லர் தண்டில் இருக்கும் குறுக்கு மூட்டைப் போன்ற ஒன்று. பிரிஸ்பேன் நகரத்து நிறுவனம் ஒன்று உருவாக்கிய டிஓ35இல் காரின்மேல் ஒரு முளை நிற்கிறது. கேம்பரின் தலை மேலிருந்து இறங்கி அதைப் பூட்டிக்கொள்ளும். 3,500 கிலோ வரை தாங்கும். இவை எல்லாவற்றிலும் மூன்று அசைவுக்கும் தனித்தனி மூட்டு உண்டு. கேம்பர் முழுச் சுற்றுச் சுழன்றாலும் காரை முறுக்காது. கேம்பர் கவிழ்ந்தாலும் காரைக் கூட்டிக்கொண்டு கவிழாது என்பது இதன் பொருள்.

அப்படியானால் எல்லோரும் இதையே வாங்கலாமே? நான் அப்படிச் சொல்லமாட்டேன். கேம்பர் வாழ்நாள் முழுக்கத் தார்ச்சாலையிலும் சீரான முகாம் மைதானங்களிலும் போகுமானால் 50 மில்லிமீட்டர் குண்டு போதும். விலை மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், அதைவிட, உங்கள் யூட் பழுதானால் இன்னொருவர் காரில் மாட்டி இழுக்கலாம். சிறப்பு முளை கொண்ட இணைப்பிக்கு அதே முளை மற்றவர் காரில் இருக்காது. அதை வாங்குகிறவர் கூடுதலாக ஒரு முளையைக் கருவிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு: 3,500 கிலோ இணைப்பி வாங்கியதால் கார் 3,500 கிலோ இழுத்துவிடாது. கார், அதன் பின் தாங்கி, குண்டு, இணைப்பி, கேம்பரின் சட்டம் என்ற வரிசையில் எது சிறிய எண்ணோ அதுவே எல்லை.

பிரேக்கும் சங்கிலியும்

ஆஸ்திரேலிய விதி, கேம்பரின் சக்கரங்களில் இறங்கும் எடையைப் பார்க்கிறது. நம்முடையதில் 1,400இல் 140 குண்டுக்குப் போக 1,260. 750 வரை தனி பிரேக் தேவையில்லை; அதற்கு மேல் 2,000 வரை ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும்; 2,000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும், கேம்பர் கழன்றால் தானே பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் நிற்கும் ஏற்பாடும் வேண்டும். 2,000க்குள் இருப்பவற்றில் இணைப்பியே பிரேக்கை இயக்கலாம்: கார் வேகம் குறைய, கேம்பர் முன்னால் தள்ள, இணைப்பியின் உட்தண்டு பின்னே சறுக்கிப் பிரேக்கை அழுத்தும். முதலில் பயமுறுத்திய அந்தத் தள்ளுவிசையே இங்கே வேலைக்காரனாகிறது. ஆனால் நெடிய இறக்கத்தில் தள்ளல் ஓயாது, பிரேக்கும் ஓயாமல் சூடேறும். வாலாட்டத்தில் கேம்பரை மட்டும் தனியாகப் பிடிக்கவும் இதனால் முடியாது. கிம்பர்லிக்குப் போகிறவருக்கு மின் பிரேக்கையே நான் சொல்வேன்.

கேம்பரைக் காரோடு பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்கின் கீழே ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி மாட்டுவது நல்ல வழக்கம். இணைப்பி கழன்றால் மூக்கு அந்தக் குறுக்கில் விழும், தரையில் குத்தாது. வளைவில் இறுகாத அளவு நீளம், தரையில் இழுபடாத அளவு குட்டை.

கடைசியில், பூட்டிய பிறகு ஒரு சோதனை. குண்டின்மேல் கிண்ணம் உட்கார்ந்து நெம்புகோலும் மூடியாயிற்று. உடனே சிறு சக்கரத்தைத் தூக்கிவிடாமல், அதைச் சுற்றிக் கேம்பரின் மூக்கை இன்னும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்த்துங்கள். பூட்டு உண்மையாகவே விழுந்திருந்தால் யூட்டின் பின்பக்கமும் அதோடு எழும்பும். விழாமல் மேலே சும்மா உட்கார்ந்திருந்தால், கிண்ணம் குண்டைவிட்டு எழும்புவதை அங்கேயே, நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம்.